இளமைத் துன்பமும் குற்றப் பொறுப்பும்

கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற ஒருவன் நீதிமன்றத்தில் நிற்கின்றான். கொன்றவன் அவனே என்பதில் ஐயம் இல்லை. அப்பொழுது அவனுடைய வழக்கறிஞர் எழுந்து, அவன் பிள்ளைப் பருவத்தில் பட்ட அடிகளையும், கிடந்த பட்டினியையும், அடைந்த அவமதிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். கேட்போர் நெஞ்சம் நெகிழ்கின்றது. ஆனால் அதே மன்றத்தில் கொலையுண்டவனின் தாயும் அமர்ந்திருக்கின்றாள். இந்த வரலாறு அவளுக்கு என்ன ஆறுதலைத் தரும்? கொன்றவனை அது குற்றத்திலிருந்து விடுவிக்குமா? விடுவிக்காது எனின், அதனை எடுத்துரைப்பதால் ஆவது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கம்.

நம் மக்கள் இவ்வினாவை அறியாதவர்கள் அல்லர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்கிறது ஒரு பழமொழி. "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்கிறது மற்றொன்று. முன்னது வளர்ப்பின் வலிமையைக் காட்டுகின்றது. பின்னது செய்தவனே பயனை ஏற்க வேண்டும் என வற்புறுத்துகின்றது. இரண்டையும் நாம் ஒரே நாவால் வழங்கி வருகின்றோம். அமைதியான காலத்தில் இரண்டும் நட்பாகவே இருக்கின்றன. கொடிய குற்றம் ஒன்று நிகழ்ந்தவுடன் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதலை ஓர் உண்மை வழக்கில் வைத்துக் காண்போம்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த சான் டியேகோ நகரில், 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், பதினாறு வயதுச் சிறுவர் இருவர் ஓர் உணவு விடுதியின் வெளியே காரில் அமர்ந்து சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தனர். ராபர்ட் ஆல்ட்டன் ஹாரிஸ் என்பவன் துப்பாக்கியுடன் வந்து அந்தக் காரைக் கைப்பற்றினான். வங்கி ஒன்றைக் கொள்ளையிட அவனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. சிறுவர் இருவரையும் அண்மையிலிருந்த ஒரு நீர்த்தேக்கத்தின் பக்கம் கொண்டுசென்று சுட்டுக் கொன்றான். பின்னர், அவர்கள் உண்ணாமல் விட்டிருந்த உணவைத் தானே உண்டான். அன்றே வங்கியையும் கொள்ளையிட்டான், அன்றே பிடிபட்டான். அவனைப் பிடித்த காவலருள் ஒருவர் இறந்த சிறுவருள் ஒருவனின் தந்தை. தம் மகன் கொலையுண்ட செய்தி அந்நேரத்தில் அவருக்குத் தெரியாது. ஹாரிஸ் இதற்கு முன்னரே 1975இல் அண்டை வீட்டார் ஒருவரை அடித்துக் கொன்று சிறை சென்றவன். 1978 ஜனவரியில்தான் நன்னடத்தைப் பிணையில் வெளிவந்திருந்தான்.

இதனைக் கேட்டவர்க்கு இவன்மீது இரக்கம் தோன்றுதல் அரிது. ஆயின் அவனுடைய தொடக்கக் கதையையும் கேட்போம். அவன் தாய் கருவுற்றிருந்தபோது, குடிவெறியில் இருந்த தந்தை அவளை உதைத்தான். அதனால் ஏறத்தாழ ஆறரைத் திங்களிலேயே குழந்தை பிறந்துவிட்டது. 'இவன் என் பிள்ளை அல்லன்' என்று சொல்லியே தந்தை அவனை அடித்துவந்தான். ஒன்பது பிள்ளைகள் உள்ள வறிய குடும்பம். தன் துன்பங்களுக்கெல்லாம் இப்பிள்ளையே காரணம் எனத் தாயும் நாளடைவில் அவனை வெறுத்தாள். பேச்சுக் குறையும் கற்றல் இடர்ப்பாடும் உடைய அவனைப் பள்ளியிலும் எள்ளி நகையாடினர். பதினான்காம் வயதில் கார் திருடிய குற்றத்துக்காகச் சிறார் சிறைக்கு அனுப்பப்பெற்றான். பத்தொன்பதாம் வயதில் வெளிவந்தான். அன்புக்கு ஏங்கிய மென்மையான பிள்ளையாகவே அவன் முதலில் இருந்தான் என்று அவனுடைய தமக்கை பின்னாளில் கூறினாள்.

ஹாரிஸ் 1992 ஏப்ரல் 21ஆம் நாள், தன் முப்பத்தொன்பதாம் வயதில், நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டான். அவனுக்குக் கருணை காட்ட வேண்டும் என்னும் விண்ணப்பத்தை மாநில ஆளுநர் பீட் வில்சன் மறுத்தார். ஹாரிஸ் என்னும் குழந்தைக்காகத் தாம் மிகவும் இரங்குவதாகவும், ஹாரிஸ் என்னும் மனிதன் செய்த தேர்வை மன்னிக்க இயலாதென்றும் அவர் தம் கருத்தைத் தெரிவித்தார். நம் வினாவின் இரு பக்கங்களும் இக்கருத்தில் அடங்கியுள்ளன. குழந்தையும் மனிதனும் ஒரே ஆள்தானே! இரக்கம் எங்கே முடிகின்றது, பொறுப்பு எங்கே தொடங்குகின்றது?

இதற்கு விடை காணுமுன் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, நியாயம். தன் உயிரைக் காக்க, வாளோங்கி வந்தவனைத் தாக்கினேன் என்பவன், தான் செய்தது குற்றமே அன்று என்கின்றான். இரண்டாவது, பொறுப்பு நீக்கம். ஐந்து வயதுக் குழந்தை துப்பாக்கியை அழுத்தி ஒருவர் இறந்தால், நடந்தது தீமையே. ஆயினும் குழந்தையைக் குற்றவாளி என்று யாரும் சொல்லார். மூன்றாவது, தணிப்பு. இங்கே செயலும் குற்றம், செய்தவனும் பொறுப்புடையவன், ஆனால் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது அவனுடைய நிலையையும் எண்ணிப் பார்க்கிறோம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இப்பொருள் பற்றிய வாதங்களுட் பெரும்பகுதி முடிவின்றி நீளுகின்றது. இரக்கம் உடையோர் தணிப்பைக் கேட்க, எதிர்ப்போர் அது பொறுப்பு நீக்கம் என எண்ணிச் சினக்கின்றனர்.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1843ஆம் ஆண்டில் லண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவன், பிரதம அமைச்சர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றான். அவன் சித்தப் பிரமை உடையவன் என்று தெரிந்து, குற்றவாளி அல்லன் என நடுவர் குழு தீர்ப்பளித்தது. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக நீதிபதிகள் ஒரு விதியை வகுத்தனர்: தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு என்றோ அறிய இயலாதவாறு மனநோய் உடையவனே பொறுப்பினின்று நீங்குவான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இவ்விதியை ஒட்டியதே. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது என்று 82ஆம் பிரிவும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை அறிவு முதிர்ச்சியைப் பொறுத்தது என்று 83ஆம் பிரிவும் கூறின. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 20, 21, 22ஆம் பிரிவுகளாக அமைந்துள்ளன.

இவற்றுள் எங்கும் 'இளமையில் துன்புற்றவன்' என்னும் விலக்கு இல்லை என்பதை நோக்குங்கள். சட்டம் கேட்பது ஒன்றே: செயலைச் செய்த நேரத்தில் அவன் அறிந்து செய்தானா? ஹாரிஸ் அறிந்தே செய்தான். கொலை தவறு என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே, எவ்வளவு கொடிய இளமையாயினும், அது ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை என்பதே சட்டத்தின் நிலை.

அறிவியலார் கூறுவது யாது? காத்தி விடோம் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1989இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். 1967 முதல் 1971 வரை, பதினொரு வயதுக்கு மேற்படாத பருவத்தில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளானவர் என்று நீதிமன்றப் பதிவேடுகளால் உறுதிப்பட்ட 908 பேரை அவர் எடுத்துக்கொண்டார். வயதாலும் பாலாலும் இனத்தாலும் குடும்ப நிலையாலும் அவர்களை ஒத்த, ஆனால் அவ்வாறு துன்புற்றதாகப் பதிவு இல்லாத 667 பேரையும் ஒப்பிட்டார். இளம்பருவக் குற்றத்துக்காகக் கைதானவர் முதற் குழுவில் நூற்றுக்கு 26. இரண்டாம் குழுவில் 17. வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர் முதற் குழுவில் நூற்றுக்கு 11. இரண்டாம் குழுவில் 8.

இவ்வெண்களை இருமுறை படித்தல் நன்று. முதன்முறை படிக்கும்போது, கொடுமை குற்றத்தை வளர்க்கின்றது என்பது விளங்கும். மீண்டும் படிக்கும்போது, கொடுமைக்கு உள்ளானவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேர் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாகவில்லை என்பது விளங்கும். அடிபட்ட பிள்ளை அடிக்கும் மனிதனாகவே ஆவான் என்று சொல்வோர் அந்த எண்பத்தொன்பது பேரையும் பழிக்கின்றனர். தன் தந்தை தன்னை அடித்தவாறு தான் தன் பிள்ளையை அடிப்பதில்லை என உறுதி பூண்டு வாழும் எத்தனையோ ஆடவரும் பெண்டிரும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கண்டும் நாம், துன்புற்றோர் அனைவரும் ஆபத்தானவர் என்று ஐயுறலாமா?

இவ்விடத்தில் பொறுப்பை வற்புறுத்துவோர் ஒரு வாதத்தை முன்வைப்பர்: 'அவனைப்போல் துன்புற்ற எண்பத்தொன்பது பேர் நேராக வாழ்ந்தார்கள் அல்லவா? ஆகவே அவனாலும் முடிந்திருக்கும்.' கேட்பதற்கு வலுவாகத் தோன்றும் இவ்வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரே புயலில் பத்து மரங்கள் நின்று ஒரு மரம் விழுந்தால், விழுந்த மரத்துக்கு வேர் இருந்ததா, அதன் அடியில் மண் இருந்ததா என்று பார்க்க வேண்டாவா? ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்னும் உளநூலாரும் அவருடன் பணியாற்றியோரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கண்டு வந்தனர். வறுமை, குடும்பப் பூசல் முதலிய பல இடர்களிடையே பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திறனும் அன்பும் உடையவராக வளர்ந்தனர். அவர்களைத் தாங்கியவற்றுள் தலையாயது ஒன்று: தாயோ, பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, யாரேனும் ஒருவர் அக்குழந்தையின்மீது மாறாத அன்பு காட்டினார். அத்தகைய ஒருவரும் கிட்டாத பிள்ளைகளும் உலகில் உளர். ஆகவே மற்றவர் மீண்டனர் என்பது, இவன் மீள்வதும் அதே அளவு எளிதாக இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

இப்பொழுது நாம் தத்துவத்தின் வாயிலுக்கு வந்துவிட்டோம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் ஒழுக்க நூலில், குணம் என்பது பழக்கத்தால் அமைவது என்றார். கையை விட்டுப் போன கல்லை மீட்க முடியாது; ஆயினும் எறிவதும் எறியாதிருப்பதும் முதலில் நம் கையில் இருந்தன. அவ்வாறே தீயவன் இன்று நினைத்த அளவில் நல்லவனாக மாற முடியாவிடினும், தீயவன் ஆனதற்கு அவனே பொறுப்பு என்பது அவர் கருத்து. இது பெரும்பான்மை மனிதர்க்குப் பொருந்தும். ஆனால் இரண்டு வயதில், ஐந்து வயதில், பத்து வயதில் அக்கல்லைப் பிடித்திருந்த கை யாருடையது? பிள்ளையின் பழக்கங்களைப் பிள்ளையே தேர்ந்து கொள்வதில்லை. இதனை அரிஸ்டாட்டிலும் அறியாதவர் அல்லர். அதே நூலின் பிற்பகுதியில், சிறு பருவம் முதல் கொடுமைக்கு உள்ளானவரிடம் அதன் விளைவாக அமையும் சில நிலைகளை அவர் பொதுவான தீயொழுக்கத்தினின்றும் வேறுபடுத்தியே பேசுகின்றார்.

கேரி வாட்சன் என்னும் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஹாரிஸின் வரலாற்றையே ஆராய்ந்தார். அவனுடைய இளமையைக் கேட்டபின் நம் சினம் அழிந்துவிடுவதில்லை. அதனோடு இரக்கமும் வந்து கலக்கின்றது. தீங்கிழைத்தவனும் தீங்கிழைக்கப்பட்டவனும் ஒருவனாகவே நிற்பதால் நம் உள்ளம் இரண்டுபடுகின்றது. 'நான் அந்த வீட்டில் பிறந்திருந்தால் எவ்வாறு ஆகியிருப்பேன்?' என்னும் எண்ணமும் எழுகின்றது. இவ்வெண்ணம் அவனுடைய குற்றத்தைக் குறைப்பதன்று. நம்முடைய செருக்கையே அது குறைக்கின்றது. நாம் நல்லவராக இருப்பதில் நம் முயற்சிக்குப் பங்கு உண்டு. நமக்குக் கிடைத்த வீட்டுக்கும் பங்கு உண்டு.

அவ்வாறாயின் பொறுப்பு என்னும் சொல்லையே நீக்கிவிடலாமே என்பார்க்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, பொறுப்பை நீக்கினால் மதிப்பும் நீங்கும். 'நீ செய்தாய், நீ விடை சொல்' என ஒருவனிடம் கேட்பது, அவனை மனிதனாக மதித்துக் கேட்பது. 'உன்னை ஆக்கியவர் பிறர். உன்னால் ஆவது ஒன்றும் இல்லை' என்பது, அவனைப் பழுதுற்ற பொறியாகக் கருதுவது. இரண்டாவது, அவ்வாதம் அவனுக்கே கேடாய் முடியலாம். தன்னை அடக்கிக்கொள்ள என்றுமே இயலாதவன் எனின், அவனை என்றுமே வெளியே விடலாகாது என்று சமூகம் முடிவு செய்யும். மனவளர்ச்சிக் குறையும் இளமைக் கொடுமையும் உடைய ஒருவனின் வழக்கில், 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை இருபுறமும் கூருடைய வாளுக்கு ஒப்பிட்டது. பழியைக் குறைக்கும் அதே செய்தி, அவன் இனியும் ஆபத்தானவன் என்னும் அச்சத்தைக் கூட்டவும் கூடும்.

ஆகவே குற்றம் நிற்கின்றது, பொறுப்பும் நிற்கின்றது. எஞ்சியது தண்டனையின் அளவு. இங்கேதான் இளமை வரலாற்றுக்கு உரிய இடம் உள்ளது. 1977இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் நெடுஞ்சாலைக் காவலரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். பதினான்கு வயது வரை குடிப்பழக்கமுள்ள தாயிடம் கவனிப்பாரின்றி வளர்ந்தான். பின்னர்த் தந்தையிடம் சென்று அடிபட்டு வளர்ந்தான். விசாரணை நீதிபதி, அவனுடைய வயதை எண்ணலாம், ஆனால் வன்முறை நிறைந்த வளர்ப்பைக் கருதச் சட்டம் இடம் தரவில்லை எனக் கூறி மரண தண்டனை விதித்தார். 1982இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் ஒருபுறமுமாக நின்று, அத்தண்டனையை நீக்கியது. வளர்ப்பைக் கருதி மன்னித்தே தீர வேண்டும் என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை. உயிரைப் போக்கும் தண்டனையை எண்ணும்போது அதனைக் கேளாமல் தள்ளலாகாது என்றே சொல்லியது.

நம் நாட்டிலும் இக்கருத்து படிப்படியாக வளர்ந்து வந்துள்ளது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் உறுதியானபின் தண்டனையைப் பற்றித் தனியே அவனைக் கேட்க வேண்டும் என்று விதித்தது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் நோக்க வேண்டும் என்றும், மரண தண்டனை அரிதினும் அரிதான வழக்குகளுக்கே உரியது என்றும் தீர்ப்பளித்தது. 2022இல் மனோஜ் என்பவரின் வழக்கில் அந்நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. குற்றவாளியின் இளமைக் குடும்பச் சூழல், அதில் வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா என்னும் செய்தி, கல்வி, வறுமை ஆகியவற்றை எல்லாம் திரட்டி நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என வழிகாட்டியது.

இன்னும் கடினமான வழக்குகளும் உண்டு. ஹாரிஸ் கொன்றது தனக்கு எத்தீங்கும் செய்யாத சிறுவரை. துன்புறுத்தியவரையே ஒருவன் கொன்றால் என் செய்வது? 1989இல் கலிபோர்னியாவில் மெனண்டஸ் சகோதரர் இருவர் தம் பெற்றோரைச் சுட்டுக் கொன்றனர். தந்தை தம்மை நெடுங்காலம் பாலியல் கொடுமை செய்ததாகவும், அச்சத்தால் கொன்றதாகவும் அவர்கள் கூறினர். செல்வத்துக்காகக் கொன்றனர் என்றது அரசுத் தரப்பு. முதல் விசாரணையில் நடுவர் குழுக்கள் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. 1996இல் இருவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, வெளிவர வழியில்லாத ஆயுள் தண்டனை பெற்றனர். 2025 மே திங்களில் அத்தண்டனை ஐம்பதாண்டு முதல் ஆயுள் வரை என மாற்றப்பட்டதால், விடுதலைக்கு விண்ணப்பிக்கும் உரிமை கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் விடுதலைக் குழு இருவரின் விண்ணப்பத்தையும் மறுத்தது. இத்தனை ஆண்டுகளில் குற்றத் தீர்ப்பு மாறவில்லை. தண்டனையின் அளவே மாறியது. உடனடி ஆபத்து இல்லாத நேரத்தில், தனக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குத் தானே நீதிபதியாகித் தண்டிக்க எவர்க்கும் உரிமை இல்லை. எனினும் அக்கொடுமை மெய்யாயின், அதனை எண்ணாமல் தண்டனையை அளத்தலும் முறையாகாது.

மாணவர்களே, செய்தித்தாளில் கொடுங்குற்றம் ஒன்றைப் படிக்கும்போது நான்கு வினாக்களைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். செய்தது தவறா? செய்தவன் அறிந்து செய்தானா? அவனைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் அவனிடம் வளர யாரேனும் இடம் தந்தனரா? இனி அவனை என் செய்வது சமூகத்துக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் அவனுக்கும் நீதியாகும்? முதல் இரண்டின் விடை, மற்ற இரண்டின் விடையை விழுங்கிவிட இடம் தராதீர்கள். பின்னிரண்டின் விடை முன்னிரண்டை அழித்துவிடவும் இடம் தராதீர்கள்.

ஐந்தாவது வினா ஒன்று நம்மைப் பற்றியது. குற்றம் நிகழ்ந்தபின் பொறுப்பைப் பற்றி உரக்கப் பேசும் சமூகம், அதற்கு முன் தன் பொறுப்பைச் செய்ததா? இந்தியாவில் சிறாருக்கென இயற்றப்பெற்ற தனிச் சட்டங்களுள் ஒன்று 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். 2012இல் பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டமும், 2015இல் இளைஞர் நீதிச் சட்டமும் வந்தன. தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வதைப்பவனைத் தண்டிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. துன்புறும் குழந்தைக்காக 1098 என்னும் தொலைபேசி எண் நாடெங்கும் இயங்குகின்றது. எனினும் "அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படா" என்னும் பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஓயவில்லை. அடுத்த வீட்டில் பிள்ளை அலறும்போது, அது அவர்கள் குடும்பக் காரியம் என்று கதவைச் சாத்திக்கொள்வோரும் உளர்.

கவாய்த் தீவின் பிள்ளைகளைத் தாங்கி நிறுத்திய அந்த ஒருவரை மறந்துவிடாதீர்கள். அவருட் பலர் சட்டம் பயின்றவரும் அல்லர்; உளநூல் பயின்றவரும் அல்லர். உங்கள் வகுப்பில் எப்பொழுதும் காயத்தோடு வரும் ஒரு மாணவன் இருக்கலாம். யாரோடும் பேசாத ஒரு மாணவி இருக்கலாம். அவர்களிடம் பரிவோடு பேசுவதும், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் செய்தியைத் தெரிவிப்பதும், 1098ஐ அழைப்பதும் உங்களால் இயல்வனவே. வளர்ந்த மனிதன் தன் செயலுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். அவன் குழந்தையாய் இருந்தபோது அருகில் இருந்தோரும் தம் வாளாமைக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.